பராக்கு — ஒரு சொல்லாய்வு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

'பராக்கு' என்ற சொல்லை அறியாத தமிழர் இலர். "பராக்குப் பார்க்காதே" என்று ஒரு முறையேனும் வசவு வாங்காமல் வளர்ந்த பிள்ளை நாட்டில் இருக்க இயலாது. ஆனால் தெருக்கூத்தில் கட்டியக்காரன் தோன்றி, அரசர் வருகிறார் என அறிவித்து, "பராக்! பராக்!" என்று முழங்கும்போது, அச்சொல் "கவனியுங்கள்" என்றன்றோ பொருள்படுகிறது! வீட்டில் கவனம் தவறுவதற்குப் பெயராக இருப்பது, அரசவையில் கவனத்தை அழைக்கும் குரலாக இருக்கிறது. ஒரு சொல் தனக்குத் தானே எதிராக நிற்பது எங்ஙனம்? இவ்வினா கடந்த ஓராண்டாக என் மனத்தை விட்டு அகலவில்லை. கல்லூரி நூலகத்தில் அகராதிகளைப் புரட்டியும், ஊரில் பெரியவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

தமிழ்த் துறையினர் எழுத வேண்டிய கட்டுரையை விலங்கியல் மாணவி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு. பல்லியும் ஆள்காட்டிக் குருவியும் பின்னால் வரும்போது அது விளங்கும்.

சொல்லின் பிறப்பு

'பார்' என்னும் வினையிலிருந்து 'பராக்கு' பிறந்தது என்று எண்ணத் தோன்றும். நானும் என் தோழியரும் முதலில் அவ்வாறே பேசிக்கொண்டோம். 'பராக்குப் பார்த்தல்' என்று இரண்டும் சேர்ந்தே வழங்குவதால் இவ்வெண்ணம் எளிதில் எழுகிறது. ஆயின் 'பார்' என்பதன் நெடில் குறுகி 'பரா' ஆவதற்கு வழியில்லை. வடமொழியில் 'பராக்' என்றொரு சொல் உண்டு. 'வெளிப்புறம் நோக்கிய', 'அப்பால் திரும்பிய' என்பன அதன் பொருள்கள். முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வதை வடமொழியாளர் 'பராங்முகம்' என்பர். அதுவே தமிழில் 'பராமுகம்' என வந்து வழங்கியது. நம் மக்கள் அதைத் தமிழாகவே கருதிப் 'பாராமுகம்' என்று நீட்டி, 'பாராத முகம்' எனப் பொருள் கொண்டுவிட்டனர். அப்பொருளும் நன்றாகவே பொருந்திவிட்டது! 'பராமுகம்' ஒரு கிளை என்றால் 'பராக்கு' அதே மரத்தின் மற்றொரு கிளை எனலாம்.

இவ்விரு கிளைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாராமுகம் என்பது வேண்டுமென்றே செய்வது. உறவினர் தெருவில் வரக் கண்டும் காணாதவர்போல் போவது பாராமுகம். பராக்கோ அறிந்து செய்வதன்று. அது நேர்ந்துவிடுவது. பாராமுகம் காட்டியவர்மேல் ஆண்டுக்கணக்கில் வருத்தம் இருக்கும். பராக்குப் பார்த்தவர்மேல் உள்ள கோபம் ஒரு நாழிகையில் தணியும்.

காவலுக்கு 'பாரா' என்பதும், இரவுக் காவலர் "பாரா உஷார்" எனக் குரல் கொடுத்ததும் வேறு கதை. அது 'பஹரா' என்னும் இந்துஸ்தானிச் சொல்லின் தமிழ் வடிவம். ஒலி ஒத்திருப்பதால் உறவு கொண்டாடக் கூடாது.

வெளிநோக்கித் திரும்புதல் என்ற இம்மூலப் பொருளை அறிந்தபின், அருணகிரிநாதர் இச்சொல்லை ஆண்ட இடம் எனக்கு மிகவும் விளங்கலாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அவர், கந்தர் அலங்காரத்தில், இரவு பகல் அற்ற ஒரு நிலையை எய்துவதற்கு வேண்டுவன இவை இவை என்று கூறிச் செல்கையில், ஐம்புலன்களின் பராக்கு ஒழிவதையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். கடோபநிடதமும் புலன்கள் வெளிநோக்கியே படைக்கப்பட்டன என்று கூறுகிறது. அங்கும் இதே 'பராக்' என்னும் சொல்லின் வடிவமே வருகிறது. ஆகவே, ஆடு மேய்க்கும் சிறுவனை நோக்கி அவன் தாய் வீசும் சொல்லும், முருகனடியார் தம் புலன்களை நோக்கி வீசிய சொல்லும் ஒன்றே. படித்தவர் வாயில் தத்துவமாகவும் படியாதவர் வாயில் வசவாகவும் ஒரே சொல் ஒரே பொருளோடு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருவது சிறிய செய்தியன்று.

இதற்குத் தனித்தமிழ்ச் சொல் இல்லையா என்று கேட்பார் உளர். திருவள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அது நூலின் 54-ஆவது அதிகாரம். பொச்சாப்பு என்பது மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதி. வென்றவன், செல்வம் பெற்றவன், தன் கடமையை மறந்துவிடுதல் அது. சொல் அழகியதே. ஆனால் ஆடு பயிரில் வாய் வைக்கும்போது, "பொச்சாவாதே" என்று கூவினால் திரும்பிப் பார்ப்பார் யார்? மேலும், பொச்சாப்பு ஆள்பவனுக்கு வரும் நோய். பராக்கு ஆளப்படுபவனுக்கு வருவது. இதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வேன்.

வேடிக்கையும் பராக்கும்

'வேடிக்கை பார்த்தல்', 'பராக்குப் பார்த்தல்' ஆகிய இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கின்றனர். ஊர்ப் பேச்சை உற்று நோக்கினால் அவை ஒன்றல்ல என்பது தெரியவரும்.

எங்கள் ஊர் ஆற்றுப் பாசனம் எட்டாத வானம் பார்த்த பூமி. உளுந்தும் மல்லியும் மிளகாயும் விளையும். வீட்டுக்கு வீடு நான்கைந்து ஆடுகள் உண்டு. ஊர் மந்தையில் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் காலை முதல் மாலை வரை அமர்ந்து சாலையில் போவார் வருவாரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் "பராக்குப் பார்க்கிறார்" என்று எவரும் சொல்வதில்லை. "வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்பார்கள். அதே மரத்தடியில், அதே சாலையை, ஆடு மேய்க்க வந்த ஒரு பையன் ஐந்து நிமிடம் பார்த்து நின்றால் அது பராக்கு. கண்கள் காணும் காட்சி ஒன்றே. சொல் மட்டும் வேறாகிறது.

இதிலிருந்து நான் கண்ட முடிவு இது. வேடிக்கை என்பது காணப்படும் பொருளைச் சுட்டும் சொல். பராக்கு என்பது காணாமல் விடப்பட்ட பொருளைச் சுட்டும் சொல். "என்ன வேடிக்கை?" என்று கேட்டால், "யானை வருகிறது", "இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள்" என்று விடை சொல்லலாம். "என்ன பராக்கு?" என்று எவரும் விடையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. எதைப் பார்த்தான் என்பது அங்கே ஒரு பொருட்டன்று. ஆட்டைப் பார்க்கவில்லை என்பதே குற்றம். ஆகவே கடமை ஒன்று இல்லாதவர்க்குப் பராக்கும் இல்லை. காவலற்ற தோட்டத்திற்குத் திருட்டுப் பயிர் மேய்ச்சல் என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

'கவனமின்மை' என்று இக்காலத்தில் எழுதுகிறோம். 'இன்மை' என்ற சொல்லே, கவனம் என்று ஒன்று அங்கே இல்லை என்கிறது. 'கவனக்குறைவு' என்றால் இருந்தது, அளவிற் குறைந்துவிட்டது என்றாகும். பராக்கோ இரண்டையும் சொல்வதில்லை. கவனம் முழுமையாகவே இருக்கிறது, ஆனால் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது என்கிறது. மூலப் பொருள் இங்கே நமக்குத் துணைநிற்கிறது. வேறு பக்கம் திரும்பியதைத் திருப்பிவிடலாம். இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? இவ்வகையில் பழஞ்சொல்லே நுட்பமானது என்பேன்.

கட்டியக்காரன் குரல்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். கூத்தின் கட்டியக்காரன் "பராக்" என்று சொல்வது ஏன்?

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கிலும் 'பராகு' என்றால் கவனம் தவறுதல். அம்மொழியிலும் அரசவைக் கட்டியத்தில் 'பராக்' வருகிறது. கன்னடத்தில் 'பஹுபராக்' என்று அரசரைப் போற்றி முழங்கினர். இன்று அம்மொழியில் அச்சொல் மிகையான புகழ்ச்சியைக் குறிக்கவும் வழங்குகிறது. இவ்வாறு தென்னாட்டு மொழிகள் பலவற்றில் இது பரவியிருப்பதை நோக்கும்போது, நாயக்க மன்னர் காலத்து அரண்மனை வழக்கம் கூத்துக்கும் நாடகத்துக்கும் இறங்கி வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'எச்சரிக்கை' என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பைப் போன்றது. அதுவும் தெலுங்கு கன்னட வழி வந்து, கட்டியம் கூறுவோர் வாயில் இடம்பெற்ற சொல். தியாகராஜர் இராமபிரானைக் கவனமாக நடந்து வருமாறு அழைக்கும் யதுகுலகாம்போதிக் கீர்த்தனையும் 'ஹெச்சரிக' என்றே தொடங்குகிறது.

எதிர்ப்பொருள் வந்தது எப்படி என்பதற்கு என் கருத்தைச் சொல்கிறேன். ஒற்றைச் சொல்லால் எச்சரிக்கும்போது நாம் எதைச் சொல்கிறோம்? "பாம்பு!" என்று கூவுகிறோம். பாம்பினிடம் போ என்பது அதன் பொருளன்று. "பள்ளம்!" என்று கூவினால் பள்ளத்தில் விழு என்று எவரும் கொள்வதில்லை. "நெருப்பு!", "வண்டி!" என்பனவும் அப்படியே. வரவிருக்கும் கேட்டின் பெயரைச் சொன்னாலே போதும், விலகு என்னும் பொருள் தானே வந்துவிடும். அதுபோலவே, "பராக்கு!" என்று முழங்கும்போது, "உன் கவனம் அப்பால் திரும்பியிருக்கிறது" என்று கேட்டின் பெயரைச் சொல்லி, "இப்பால் திரும்பு" என்னும் பொருளைக் கேட்போர் தாமே கொள்ளுமாறு விட்டுவிடுகின்றனர். நாளடைவில், கேட்டின் பெயர் என்பது மறந்து, ஏவல் என்பது மட்டும் நிலைத்துவிட்டது. இவ்வாறு கொண்டால் இரு பொருள்களுக்கும் பகை நீங்கிவிடுகிறது. வீட்டில் தாய் கூவுவதையே அரண்மனையிலும் கூவினர். தாய் மீதியையும் சேர்த்துச் சொன்னார். கட்டியக்காரன் சொல்லாமல் விட்டான். வேறுபாடு அவ்வளவே. இக்கருத்தைத் தமிழ்த் துறைப் பேராசிரியர்கள் ஏற்பார்களோ மறுப்பார்களோ, அறியேன்.

குறவஞ்சி நாடகங்களிலும் கட்டியக்காரன் முதலில் தோன்றித் தலைவனின் உலாவை அறிவிப்பான். திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி ஆட்டத்தை விட்டு, உலா வந்த குற்றாலநாதரைப் பார்த்து மையல் கொள்கிறாள். பிறகுதான் நிலவைப் பழிப்பதும், தோழியைத் தூது விடுவதும், குறத்தி வந்து குறி சொல்வதும். பராக்கு இல்லையேல் குறவஞ்சியே இல்லை!

பராக்குக் காட்டும் உயிர்கள்

'பராக்குப் பார்த்தல்' தன்வினை என்றால் 'பராக்குக் காட்டுதல்' அதன் பிறவினை எனலாம். சோறு உண்ண மறுக்கும் குழந்தைக்குக் காக்கையையும் நிலவையும் காட்டி, அது வாய் திறந்த நேரம் பார்த்து ஒரு கவளத்தை ஊட்டிவிடுவதை எங்கள் பக்கத்தில் "பராக்குக் காட்டிச் சோறு ஊட்டுறது" என்பார்கள். ஈழத் தமிழர் பேச்சிலும் இவ்வழக்கு உண்டு. பேருந்து நிலையத்தில் ஒருவன் சில்லறைக் காசைக் கீழே சிந்த, நாம் அதைக் குனிந்து பார்க்க, மற்றொருவன் நம் பையை எடுத்துக்கொண்டு போவதும் இதே கலைதான்.

மனிதர்க்கு முன்பே இக்கலையைக் கற்றவை விலங்குகள். வீட்டுப் பல்லியைப் பூனை பிடிக்கும்போது பல்லி தன் வாலைத் துறந்துவிடுகிறது. வால் வலுக்கட்டாயமாகப் பிய்க்கப்படுவதன்று. வால் முள்ளெலும்புகளுக்குள்ளேயே முறிவதற்கென்று மெலிந்த தளங்கள் அமைந்துள்ளன. அங்குள்ள தசைகள் இறுகி முறிக்கின்றன; குருதிக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் இழப்பும் குறைவு. விழுந்த வால் சில நிமிடங்கள் துள்ளித் துடிக்கிறது. பூனை வாலைப் பார்க்க, பல்லி சுவரேறிவிடுகிறது. இப்பராக்கிற்குப் பல்லி கொடுக்கும் விலை சிறிதன்று. வாலில் சேமித்த கொழுப்பு போய்விடும். மீண்டும் முளைக்கும் வாலில் முள்ளெலும்புகள் இரா. குருத்தெலும்புத் தண்டு ஒன்றே இருக்கும். ஆகவே பழைய முறிவிடத்திற்குக் கீழே அவ்வால் முன்போல் மறுபடி முறிய இயலாது.

நீலன் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றுக்குப் பின் இறக்கையின் ஓரத்தில் கண்போன்ற புள்ளியும், உணர்கொம்பு போன்ற மெல்லிய வால்களும் உள்ளன. அமர்ந்தவுடன் அவை பின் இறக்கைகளை மேலும் கீழுமாக உரசுகின்றன. பொய்த்தலை அசைய, பறவை அங்கே கொத்துகிறது. இறக்கையில் ஒரு துண்டு போகும்; உண்மைத் தலை தப்பும். ஓரம் கிழிந்த இறக்கையோடு பறக்கும் பூச்சிகளை நாம் காணும்போது, அவற்றுள் சில ஒரு பறவைக்குப் பராக்குக் காட்டிப் பிழைத்தவையாக இருக்கக்கூடும்.

யாவற்றினும் நான் வியப்பது ஆள்காட்டியைத்தான். செம்மூக்கு ஆள்காட்டியின் விலங்கியற் பெயர் வானெல்லஸ் இண்டிகஸ். நீர்நிலை ஓரத்துக் கட்டாந்தரையில் சிறு பள்ளம் பறித்து, சுற்றிலும் கூழாங்கற்களை வைத்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்ணின் நிறமும் கல்லின் புள்ளியும் கொண்ட அம்முட்டைகளைக் காலடியில் இருந்தாலும் காண்பது அரிது. ஆள் வரக் கண்டால் இப்பறவை இரண்டு காரியங்கள் செய்கிறது. தொலைவிலேயே கூவி ஊரையெல்லாம் எழுப்புகிறது. அதனால்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்ற பெயர். அது கட்டியக்காரனின் பராக்கு. இன்னும் நெருங்கினால், கூட்டுக்கு அப்பால் ஓடியும், தலைமேல் பாய்ந்து வந்தும், நம் பார்வையைத் தன்மேல் இழுத்து முட்டையிலிருந்து விலக்குகிறது. இது தாய் குழந்தைக்குக் காட்டும் பராக்கு. அகராதி ஒரு சொல்லின்கீழ் தரும் இரு பொருள்களையும் ஒரு பறவை ஒரே பொழுதில் செய்துகாட்டுகிறது. சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் இதைக் கண்டேன். கூட்டை விட்டு நான் நாற்பது அடி விலகிய பிறகே அதன் குரல் அடங்கியது. அன்றுதான் இக்கட்டுரையின் கரு தோன்றியது.

கண் இங்கே, கருத்து எங்கே?

பராக்கு என்பது கண் அப்பால் போவதா, கருத்து அப்பால் போவதா? 'பார்த்தல்' என்று சேர்த்துச் சொல்வதால் கண்ணைத்தான் பழிக்கிறோம். ஆனால் கரும்பலகையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கேளாமல் அமர்ந்திருப்பது நம்மில் பலருக்குக் கைவந்த கலை அன்றோ!

செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்தார். இருண்ட பெட்டிக்குள் எழுத்துகளை வைத்து, ஒரு மின்பொறியின் கணநேர வெளிச்சத்தில் அவற்றைக் கண்டார். கண்ணை நடுவில் நிறுத்தியபடியே, கருத்தை மட்டும் ஓர் ஓரத்தில் செலுத்தினால், அவ்வோரத்து எழுத்துகளைப் படிக்க முடிந்தது; பிற எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. கண் அசையவில்லை, கருத்து அசைந்தது. கொலின் செர்ரி என்பவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்போரின் இரு காதுகளிலும் இருவேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒரு காதின் பேச்சைத் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மறு காதில் என்ன பேசப்பட்டது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆங்கிலப் பேச்சை ஜெர்மன் மொழிக்கு மாற்றியதைக்கூட அவர்கள் உணரவில்லை. ஆணின் குரல் பெண் குரலாக மாறியதை மட்டும் அறிந்தனர். பின்னர் 1959-இல் மோரே என்பவர் நடத்திய ஆய்வில், புறக்கணித்த காதில் தம் சொந்தப் பெயர் ஒலித்ததைச் சிலர் அறிந்தனர். குழந்தையைக் கூப்பிடும் தாய் முதலில் பெயரையே சொல்வதற்கும், கட்டியக்காரன் பட்டப் பெயர்களை அடுக்குவதற்கும் இது ஒரு காரணமாகலாம்.

யாவரும் அறிந்த சோதனை ஒன்றும் உண்டு. 1999-இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இருவர், பந்தை எறிந்து விளையாடுவோரின் படத்தைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறியது என எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவரைக் காணவே இல்லை. இவர்கள் பராக்குப் பார்த்தவர்களா? இல்லை, இட்ட பணியை ஒழுங்காகச் செய்தவர்கள். கவனமாக இருந்ததால்தான் கொரில்லாவைக் கோட்டைவிட்டார்கள். ஒரு பக்கம் திரும்பிய கவனம், மற்ற எல்லாப் பக்கங்களுக்கும் பராக்காகிவிடுகிறது. அதற்கு விலக்கானவர் எவரும் இலர்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வண்டி ஓட்டுகையில் கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. சட்டம் கையைப் பார்க்கிறது. கையை விடுவித்துக் காதில் மாட்டிக்கொண்டாலும் கருத்து பேச்சின் பின்னே போய்விடும் என்பதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸின் மின்பொறியே சான்று.

யார் சொல்வது?

கடமை இல்லாதவர்க்குப் பராக்கு இல்லை என்று முன்னர் எழுதினேன். அப்படியாயின், கடமையை வகுத்தவரே அதைப் பராக்கு என்று சொல்லவும் உரிமை பெறுகிறார். இச்சொல்லை எப்போதும் மேலிருப்பவரே கீழிருப்பவரிடம் சொல்லக் கேட்கிறோம். தாய் பிள்ளையிடமும், முதலாளி வேலையாளிடமும், ஆசிரியர் மாணவரிடமும் சொல்வர். எதிர்த்திசையில் இச்சொல் போவதே இல்லை. மேலதிகாரி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அவர் "சிந்தனையில் இருக்கிறார்."

என் வீட்டிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். என் அண்ணன் ஆடு மேய்த்த நாட்களில், "பராக்குப் பாத்துக்கிட்டு நிக்காதலே, ஆடு வெள்ளாமையில வாய வச்சிரும்" என்று அம்மா கூவுவார். ஆடு இல்லாத நேரத்தில் அவன் தெருவில் எப்படி நடந்தாலும், எதைப் பார்த்தாலும் அச்சொல்லைக் கேட்டதில்லை. எனக்கு ஆடு மேய்க்கும் வேலை இல்லை. ஆயினும் பத்து வயது தாண்டிய நாள் முதல், "ஏட்டி, பராக்குப் பாக்காம நேரா நடந்து வா" என்று தெருவிலும் கடைவீதியிலும் கேட்டுவருகிறேன். என் தோழியர் அனைவரும் கேட்டிருக்கின்றனர். இங்கே நாங்கள் காவல் காக்கத் தவறிய ஆடு எது? அவனுக்குப் பார்க்க வேண்டியதைப் பாராதது பராக்கு. எங்களுக்குப் பார்த்தாலே பராக்கு. இந்த வழக்காற்றை எந்த அகராதியும் தரவில்லை. தர வேண்டும் என்பது என் எண்ணம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஊர் வாயில விழக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்" என்றார். காவல் இருந்தது உண்மைதான்; ஆனால் காக்கப்பட்டது நானே.

விலங்கியல் வகுப்பில் சேர்ந்த முதல் மாதம், களப் பணிக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர், "நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நடக்காதீர்கள், இரு பக்கமும், மரத்தின் மேலும், வரப்பின் கீழும் பாருங்கள், பார்த்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். அம்மா பல ஆண்டுகள் பழக்கியதைக் கல்லூரி ஒரு காலைப் பொழுதில் மாற்றச் சொல்லிற்று. வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர். குளத்தங்கரை வழியே போக வேண்டும். அவ்வழியில் இதுவரை முப்பத்தொரு வகைப் பறவைகளைக் குறித்திருக்கிறேன். பள்ளிக்குப் போன ஆண்டுகளிலும் அதே பாதைதான். அதே பறவைகளும் அங்கேதான் இருந்திருக்கும். இன்று என் கையில் குறிப்பேடு இருப்பதால் அது படிப்பு. குறிப்பேடு இல்லாத என் தங்கை பின்னால் வந்து அதே பறவையைப் பார்த்தால் அது பராக்கு.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். ஐப்பசி மாதத்தில் பிற்பகல் வகுப்பின்போது வானம் இருட்டினால், எங்கள் வகுப்பில் சிலருடைய பார்வை சன்னல் பக்கம் போகும். யார் யார் என்று உற்று நோக்கியிருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் வெள்ளாமை வீட்டுப் பிள்ளைகள். களத்தில் உளுந்து கிடக்கும். அப்பா கூலி வேலைக்குப் போயிருப்பார். வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். தார்ப்பாயை ஒருவராக இழுத்து மூட முடியாது. சன்னலைப் பார்ப்பதால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் பார்வை போகும். வகுப்பின் கணக்கில் அது பராக்கு, அதில் ஐயமில்லை. களத்தின் கணக்கிலோ, மேகத்தைப் பாராமல் அமர்ந்திருப்பதே பராக்கு. வீட்டில் எவரும் கல்லூரி வாசலை மிதியாத குடும்பத்திலிருந்து வந்த பிள்ளைக்கு இவ்விரு கணக்குகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கருத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் மற்றோரிடம் இருண்டுவிடும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெட்டி காட்டிவிட்டது. எந்த ஓரத்தில் நிறுத்துவது என்பதை அவர் சொல்லவில்லை.

எங்கள் ஆசிரியர் ஒருவர், அத்தகைய நாளொன்றில் பாடத்தை நிறுத்தி, "யார் வீட்டில் களத்தில் தானியம் கிடக்கிறது?" என்று கேட்டார். ஆறு கைகள் உயர்ந்தன. "வெளியே போய் வீட்டுக்கு ஒரு போன் செய்துவிட்டு வாருங்கள்" என்றார். அறுவரும் போய், பக்கத்து வீட்டுக்கோ பெரியப்பாவுக்கோ சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்தில் திரும்பினர். அன்று குருதிச் சுற்றோட்டம் நடத்தினார். அறுவரும் இறுதி வரை கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். (அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்ன பெயர் என்று கேட்பவர்க்கு, கையில் குறிப்பேடு இருந்தது என்று விடையளிக்கிறேன்.)

இக்கட்டுரையில் வந்துள்ள வழக்குகள் பெரும்பாலும் எங்கள் நெல்லைப் பக்கத்தவை. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து படிக்கும் தோழி ஒருத்தி, தங்கள் ஊரில் 'பராக்கு' குறைந்து 'வேடிக்கை' மட்டுமே மிகுதியும் வழங்குகிறது என்கிறாள். கொங்கு நாட்டிலும் வட மாவட்டங்களிலும் இச்சொல் யாரிடம், எப்போது சொல்லப்படுகிறது, 'பராக்குக் காட்டுதல்' அங்கே உண்டா, பெண் பிள்ளைகளைத் தெருவில் எச்சரிக்க அங்கே என்ன சொல் வழங்குகிறது என்பவற்றை அவ்வூர்களைச் சேர்ந்த மாணவ நண்பர்கள் விலங்கியல் துறைக்கு எழுதித் தந்தால் நன்றியுடையேன்.